ஸ்டிக்கர் தெரியணும்

காரவள்ளியில் பஸ் ஏறும்போதே எனக்கு வயிற்றைப் புரட்டும். வளைவுகளால் இல்லை. எழுபது வளைவும் எனக்குத் தண்ணி பட்ட பாடு, நான் பிறந்து வளர்ந்ததே அடிவாரத்தில்தான். புரட்டுவது அந்தப் பஸ்ஸின் நாற்றம். முந்தின நாள் மலை பார்க்க வந்த மகராசர்கள் ஜன்னலோரம் எடுத்த வாந்தி, அதன் மேல் கண்டக்டர் ஊற்றிய ஃபினாயில், அதன் மேல் இன்றைக்கு ஏறியவர்கள் மோந்துகொண்டே வரும் எலுமிச்சம்பழம். மூன்றும் கலந்து ஒரு வாசம் அடிக்கும். பத்து மாதம் வாரத்துக்கு மூன்று நாள் அந்த வாசத்தில் போய் வந்தேன்.

என் பெயர் அம்சவேணி. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் கம்பெனியில் பேனல் போர்டு வயரிங் செய்தவள். பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்ட சூப்பர்வைசரே கடைசியில் என் போர்டைக் காட்டித்தான் புதுப் பையன்களுக்குப் பாடம் நடத்தினார். அதனால் மலை மேல் குண்டனி நாடு என்கிற பகுதியில் ஒரு அரசுப் பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டு படிக்கிற பிள்ளைகளுக்குக் கைவேலைத் தொழில்நுட்பம் சொல்லிக் கொடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் விழுந்தடித்துக்கொண்டு போனேன். மல்ட்டிமீட்டர் பார்ப்பது, ஈயம் வைத்துப் பற்றவைப்பது, சுவிட்ச் போர்டு, சோலார் விளக்கு ரிப்பேர், இதுதான் பாடம். இது பள்ளிக்கூடத்து வேலை கிடையாது. ஏதோ பெரிய கம்பெனிகள் தர்மத்துக்கு ஒதுக்குகிற பணத்தை வாங்கி, நாமக்கல்லில் ஒரு பயிற்சி நிறுவனம் நடத்துகிற திட்டம். நான் அந்த நிறுவனத்து ஆள்.

முதல் நாளே நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் முரளி என் போனில் ஒரு ஆப்பை ஏற்றிக் கொடுத்தார். முப்பது வயது இருக்கும், எப்போதும் இஸ்திரி கலையாத சட்டை, வாயில் ஏலக்காய். அவர் சொன்னதன் சாரம் இதுதான். ஒவ்வொரு வகுப்புக்கும் நான்கு போட்டோ போக வேண்டும். பிள்ளைகள் உட்கார்ந்திருப்பது ஒன்று, கருவியைக் கையில் வைத்திருப்பது ஒன்று, கிட்டத்தில் ஒன்று, எல்லோரும் சிரிப்பது ஒன்று. எடுக்கிற நிமிஷத்திலேயே இடம், நேரத்தோடு மேலே ஏற வேண்டும். எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் அனுப்பினால் ஆப் வாங்காது. போட்டோ ஏறாத வகுப்பு நடக்காத வகுப்பு.

பள்ளிக்கூடம் இருப்பது ஒரு பள்ளத்தில். சுற்றிலும் சில்வர் ஓக் மரம், அதில் ஏறிய மிளகுக் கொடி, அதற்கு மேலே மலை. ஒரு கோடு சிக்னல்கூடக் கிடையாது. முரளியிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருபது நிமிஷம் ஏறினால் ஒரு மொட்டைப் பாறை இருக்கிறது, அங்கே நான்கு கோடு வருகிறது, ஏற்கெனவே பார்த்துவிட்டேன் மேடம் என்றார்.

அப்படி ஆரம்பித்தது அந்த வெட்கக்கேடு. வாரத்தில் மூன்று நாள், மத்தியானம் இரண்டு மணிக்கு, இருபத்திரண்டு பிள்ளைகளும் நானும் பாறைக்கு ஊர்வலம் போவோம். நான்கு பேர் இரண்டு மேசையைத் தூக்குவார்கள். மற்றவர்கள் கையில் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன், போர்டு, மீட்டர், நிறுவனத்தின் பேனர். பாறையடியில் பிள்ளைகள் செருப்பைக் கழற்றி வரிசையாக வைப்பார்கள். மேலே ஒரு குத்துக்கல்லுக்கு மஞ்சள் பூசிச் சாமியாகக் கும்பிடுகிறார்கள், அதனால் அந்தப் பாறை மேல் மலைக்காரர்கள் யாரும் செருப்போடு கால் வைக்க மாட்டார்கள். வந்து போகிறவர்களுக்கு அந்த வழக்கம் ஏது? சனி ஞாயிறில் காரில் வருகிறவர்கள் அந்தக் கல்லில் சாய்ந்துகொண்டுதான் குடிக்கிறார்கள். உடைந்த பீர் பாட்டில், கோழி எலும்பு, குழந்தைக்குக் கட்டிக் கழற்றிப் போட்ட நாப்கின். வெறுங்காலோடு நிற்கிற பிள்ளைகளுக்குக் குத்திவிடக் கூடாதே என்று முதலில் நான் துடைப்பத்தால் அத்தனையையும் ஒரு பக்கமாகத் தள்ளுவேன். அந்த நாப்கினின் நாற்றம் துடைப்பத்தில் ஏறிக்கொண்டது. துடைப்பத்தை மாற்றினேன், நாற்றம் போகவில்லை.

பாறையில் சிக்னல் உண்டு, கரண்ட் ஏது? சால்டரிங் அயர்னின் வயரைச் சுருட்டி மேசை விரிப்புக்கு அடியில் சொருகிவிடுவோம். சூடே இல்லாத அயர்னைப் போர்டில் வைத்துப் பிள்ளைகள் குனிந்திருப்பார்கள். கோகுல் என்று ஒரு பையன், சேட்டைக்காரன், வாயாலேயே உஸ்ஸென்று புகை விடுகிற சத்தம் போடுவான். எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு நான்காவது போட்டோவுக்கு உதவும். காலைக் காட்டக் கூடாது என்று முரளி சொல்லியிருந்தார். பாதுகாப்பு விதிப்படி ஷூ போட்டிருக்க வேண்டுமாம். அதனால் எல்லா போட்டோவும் இடுப்புக்கு மேலேதான்.

ஏறி, கூட்டி, மேசை போட்டு, பேனர் கட்டி, போட்டோ ஏறுகிறவரை நின்று, திரும்ப இறங்கி வந்தால் இரண்டு மணி நேர வகுப்பில் முக்கால் மணி நேரம் மிஞ்சும். அந்த முக்கால் மணியில்தான் உண்மையான கரண்டில் உண்மையான பாடம். இருபத்திரண்டு பேருக்கு வேலை செய்கிற அயர்ன் ஐந்து. பாதிப் பேர் அதைத் தொடுவதற்குள் மணி அடித்துவிடும். தலைமையாசிரியர் அர்த்தனாரி சாரிடம் புலம்பினேன். நல்ல மனிதர், இன்னும் ஒன்றரை வருஷத்தில் ஓய்வு. அந்த ஒன்றரை வருஷம் யாரையும் பகைத்துக்கொள்ளாமல் ஓடிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்குக் கவலை. விடுங்க டீச்சர், ஒண்ணுமே இல்லாததுக்கு இது பரவாயில்லை என்றார். ஒண்ணுமே இல்லாதது எவ்வளவோ மேல் என்று அன்றைக்கு எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

இருந்தும் அந்த வருஷம் நான் உருப்படியாக ஒரு ஆளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். கீர்த்தனா. பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக்கு மேலே இரண்டு கல் தூரத்தில் ஊடு. மணி அடித்ததும் மற்றவர்கள் ஓட, இவள் மட்டும் நிற்பாள். என் கடைசி பஸ் நாலரைக்கு. அதுவரை கையை ஆட்டாமல், பேச்சில்லாமல் வேலை செய்வாள். முதல் வாரம் அவள் வைத்த ஈயம் கோழி எச்சம் மாதிரி இருந்தது. மூன்றாம் மாதம் உளுந்து அளவுக்கு, பளபளவென்று, அத்தனையும் ஒரே அளவு. ஊரிலிருந்து செத்துப்போன சார்ஜர், டார்ச், ரேடியோ என்று பையில் போட்டுக் கொண்டு வந்துவிடுவாள். மீட்டரின் இரண்டு முனையையும் வைத்து எங்கே அறுந்திருக்கிறது என்று தேடும்போது மூச்சுகூட விட மாட்டாள். அர்த்தனாரி சார் அறையில் நான்கு வருஷமாகச் செத்துக் கிடந்த எமர்ஜென்சி விளக்கை எரிய வைத்தவள் அவள்தான். அவளுடைய அந்த வேலைக்கெல்லாம் ஒரு போட்டோகூட இல்லை. பள்ளிக்கூடத்தில்தான் சிக்னல் கிடையாதே.

அவள் ஏன் இப்படி விழுந்து விழுந்து படிக்கிறாள் என்பது எனக்கு ஐப்பசியில் தெரிந்தது. அவளுடைய அக்கா சுமித்ரா நூல் மில்லுக்குப் போய் மூன்று வருஷம் ஹாஸ்டலில் இருந்து வேலை செய்துவிட்டு, நெஞ்சு நிறையப் பஞ்சோடு திரும்பி வந்திருந்தாள். இருபத்திரண்டு வயது. நான்கு படி ஏறினால் இருமல். அதே மில்லின் ஆள்பிடிக்கிற தரகர் இப்போது சின்னவளைக் கேட்டு ஊட்டுக்கு வந்து போகிறார். மரவள்ளியில் மாவுப்பூச்சி விழுந்த வருஷம் வேறு. அம்மா சின்னாயி ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கே வந்து என்னிடம் விவரம் கேட்டார். படிப்பு முடிந்ததும் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாமே, வண்டிகளுக்கு மீட்டர் போர்டு செய்கிற கம்பெனியாமே, நிஜமா என்றார். நிஜம்தான், எங்கள் திட்டத்துக்குப் பணம் கொடுக்கிற கம்பெனிகளில் அதுவும் ஒன்று, நேரில் ஈயம் வைக்கச் சொல்லிப் பார்த்து எடுப்பார்கள் என்றேன். அங்கே எடுத்துக்கொண்டால் போகட்டும், இல்லையென்றால் வைகாசிக் கடைசியில் மில் வேனில் ஏற்றிவிடுவதைத் தவிர வழியில்லை என்றார் சின்னாயி. அவளை எடுக்காமல் வேறு யாரை எடுக்கப் போகிறார்கள் என்று நான் நெஞ்சைத் தட்டிச் சொன்னேன்.

கார்த்திகையில் முரளி ஒரு போட்டோக்காரரோடு வந்தார். நிறுவனத்தின் ஆண்டு மலருக்குப் பின்னால் மலை தெரிகிற மாதிரி அட்டைப்படம் வேண்டும். அன்றைக்குப் பாறை மேல் பனி இறங்கிக்கொண்டிருந்தது, மேசை நனைந்திருந்தது, வழக்கத்தைவிடப் பாட்டில் அதிகம். முரளி நான்கு பாதுகாப்புக் கண்ணாடி கொண்டுவந்திருந்தார். மூன்றைப் பிள்ளைகள் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். நான்காவது கீர்த்தனாவின் மூக்கில் நழுவாமல் நின்றது, அதனால் அட்டைக்கு அவள்தான் என்று முடிவானது.

அதற்குள் நிறுவனம் எல்லா அயர்னின் பிடியிலும் தன் பெயரை மஞ்சள் ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது. கீர்த்தனா பிடிக்க வேண்டிய இடத்தில், பிளாஸ்டிக் பிடியில் சரியாகப் பிடித்தாள். போட்டோக்காரர் கேமராவை இறக்கினார். கை ஸ்டிக்கரை மறைக்கிறது. முரளி வந்து அவள் விரல்களைப் பிடியிலிருந்து எடுத்து, முன்னால் இருக்கிற இரும்புத் தண்டில், பேனா பிடிக்கிற மாதிரி வைத்தார். சால்டரிங் அயர்னைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். அந்தத் தண்டு முந்நூறு டிகிரிக்கு மேல் சூடாகும். அதில் விரலை வைத்தால் தோல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். அதைத் தொடக் கூடாது என்பதுதான் முதல் நாள் முதல் பாடம்.

கீர்த்தனா என்னைப் பார்த்து, அது சூடாகிற எடமுங்களே மிஸ் என்றாள். முரளியிடம் நான் சொன்னேன், இதைத் தெரிந்தவன் எவனாவது பார்த்தால் காறித் துப்புவான் என்று. அவர் ஏலக்காயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார்.

“பாக்கறவங்க யாரும் அயர்னப் பாக்க மாட்டாங்க மேடம். ஸ்டிக்கர் தெரியணும். அவ்வளவுதான்.”

எனக்குக் கால் ஜில்லிட்டிருந்தது. நாலரை பஸ் போய்விடுமோ என்று பயம். பக்கத்தில் தள்ளி வைத்த குப்பையின் நாற்றம் வேறு. கரண்ட்தான் இல்லையே கண்ணு, அவர் சொல்ற மாதிரியே புடி, சீக்கிரம் கீழ போயிரலாம் என்று சொன்னது நான்தான். அவள் பிடித்தாள். சிரி என்றார்கள், சிரித்தாள். ஒரே நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

பரீட்சை முடிந்து சித்திரையில் ஓசூருக்குப் போனோம். வர விருப்பப்பட்டவர்கள் ஒன்பது பேர். முரளி வேன் ஏற்பாடு செய்திருந்தார். கீர்த்தனா புது சுடிதார் போட்டிருந்தாள், சின்னாயி துறையூர் சந்தையில் எடுத்தது. வழியெல்லாம் மற்ற பிள்ளைகள் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டு வர, இவள் என் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லிய குரலில் ரெசிஸ்டரின் மதிப்பைச் சொல்லும் நிறக்கோடுகளை ஒப்பித்துக்கொண்டு வந்தாள். நான் ஒரு தடவையும் திருத்த வேண்டியிருக்கவில்லை.

கம்பெனியில் தேர்வு வைத்தவர் தனபால் என்கிறவர். ஐம்பதைத் தாண்டியவர், வலது ஆள்காட்டி விரலில் பழைய தீக்காயம். தன் கையால் வேலை செய்து மேலே வந்தவர் என்று பார்த்ததும் தெரிந்தது. எனக்கு அவரைப் பிடித்துப் போனது. தேர்வும் நியாயமானதுதான். ஒரு சின்னப் போர்டு, ஐந்து இடத்தில் ஈயம் வைக்க வேண்டும், பத்து நிமிஷம். தட்டுத்தடுமாறி வைத்தாலும் எடுத்துக்கொண்டார், மற்றதை நாங்கள் பழக்கிக்கொள்கிறோம் என்றார். கோகுல் ஒரு இடத்தைக் கருக்கியே விட்டான். அவனையும் எடுத்துக்கொண்டார். முதல் ஐந்து பேரில் ஒருவர்கூடத் தள்ளப்படவில்லை. ஆறாவதாகக் கீர்த்தனா.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு, அயர்னுக்காகக் காத்திருந்தாள். தனபால் அயர்னை நீட்டப் போனவர் பாதியில் நிறுத்தினார். அவருடைய மேசையில் ஆண்டு மலர் கிடந்தது. அன்று காலையில் முரளி பெருமையாகக் கொடுத்தது. தனபால் அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மறுபடி அட்டையைக் கையில் எடுத்துக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். அட்டை முழுக்கக் கீர்த்தனாவின் சிரிப்பு. இரும்புத் தண்டை மூன்று விரலால் பிடித்திருந்தாள். மஞ்சள் ஸ்டிக்கர் பளிச்சென்று தெரிந்தது.

அவர் கோபப்படவில்லை. அயர்னைக் கீழே தாங்கியில் வைத்துவிட்டு என்னை அருகில் கூப்பிட்டார். முரளியும் கூடவே வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

“டீச்சர், நீங்க சொல்லுங்க. இது கரண்ட் இல்லாம, சும்மா போட்டோவுக்குப் புடிச்சதுன்னா இப்பவே அந்தப் பொண்ணுக்கு டெஸ்ட் வைக்கிறேன். ஆனா அப்ப மத்த போட்டோ எல்லாமும் அப்படித்தானான்னு நான் எழுதிக் கேக்க வேண்டி வரும். இதுல எங்க கம்பெனி பேரும் இருக்கு.”

அவர் குரலைத் தாழ்த்தினார்.

“இல்ல, நெஜமாவே அது இப்படித்தான் புடிக்கும்னா, சூடான அயர்ன என்னால அது கையில குடுக்க முடியாது. விரல் வெந்தா நாந்தான் பதில் சொல்லணும்.”

இதைவிட நேராக ஒருவர் கேட்க முடியுமா? ஒரே ஒரு வார்த்தை. கரண்ட் இல்லீங்க சார், பாறை மேல எடுத்தது. அவ்வளவுதான். முரளி என் பின்னால் மெல்லத் தொண்டையைச் செருமினார். ஏலக்காய் வாசம் என் கழுத்தில் வந்து மோதியது. நாற்காலியிலிருந்து கீர்த்தனா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயமில்லாமல் பார்த்தாள். டீச்சர் சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கை அவள் முகத்தில் அப்படியே இருந்தது.

“அதுக்குக் கொஞ்சம் கை நடுங்குமுங்க சார்” என்றேன். “போட்டோன்னதும் பதறிப்போயி, எங்க புடிக்கறோம்னு தெரியாமப் புடிச்சிருச்சு.”

எடுத்துக்கொண்ட ஐந்து பிள்ளைகளையும் திட்டம் கெட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து சொன்னதாக அப்புறம் எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். பொய். அந்த நிமிஷத்தில் அந்த ஐந்து பேர் என் நினைப்பிலேயே இல்லை. பத்து மாதமாக ஒவ்வொரு வகுப்பும் நடந்தது என்று அந்த ஆப்பில் விரல் வைத்து ஒப்புதல் கொடுத்தவள் நான். எழுதிக் கேட்டால் முதலில் என் பெயர்தான் வரும். அதுதான் நினைப்பில் இருந்தது.

கீர்த்தனா எழுந்து நின்றாள். ஒரு தடவ குடுங்க சார், செஞ்சு காட்டறனுங்க என்றாள். குரல் உயரவில்லை. தனபால் மறுபடி என்னைப் பார்த்தார். இரண்டாவது வாய்ப்பு. நான் மேசை மேல் கிடந்த போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கோகுல் கருக்கியது. அவர் தாளில் எதையோ எழுதினார். வருத்தத்தோடுதான் எழுதினார், அதையும் சொல்ல வேண்டும். நடுக்கத்துக்கு நல்ல டாக்டரிடம் காட்டும்மா, சின்ன வயசுதானே, சரியாகிவிடும் என்று அவளிடம் சொன்னார். பிறகு ஏழாவது பெயரைக் கூப்பிட்டார்.

வெளியே கேட்டுக்கு எதிரில் ஒரு டீக்கடை. முரளி பஜ்ஜியும் டீயும் வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். நல்லா சமாளிச்சீங்க மேடம், எனக்கு ஒரு நிமிஷம் உயிரே போயிருச்சு என்றார். எண்ணெய் ஊறிய பஜ்ஜி, பேப்பர் நனைந்து என் விரலில் ஒட்டியது. அதைத் தூக்கி அவர் முகத்தில் எறிந்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நான் தின்றேன். பசித்தது, தின்றேன்.

கீர்த்தனா கடைக்கு வரவில்லை. வேனின் பக்கத்தில் தனியாக நின்றிருந்தாள். நான் டீயை எடுத்துக்கொண்டு போனேன். அவள் டீயை வாங்கவில்லை. இரண்டு கையையும் என் முகத்துக்கு நேராக நீட்டினாள். பத்து விரலும் விரிந்து, அசையாமல் நின்றன. அந்தக் கம்பெனியின் அத்தனை சூப்பர்வைசர்களையும் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம், அப்படி ஒரு கை. பாருங்க மிஸ் என்றாள். நான் பார்க்காமல் டீயைப் பார்த்தேன். அவள் கையை இறக்கிக்கொண்டு, முன்னால் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் போய் ஏறிக்கொண்டாள். திரும்பி வரும் வழியில் எட்டுப் பேரும் பாடினார்கள். எட்டுப் பேரையும் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கம்பெனியிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் வந்தது. கை நடுக்கம் இருப்பதாகப் பயிற்றுநரே தெரிவித்ததால் செல்வி கீர்த்தனா தேர்வு செய்யப்படவில்லை என்று மரியாதையான கடிதம். அர்த்தனாரி சார் சின்னாயியை வரவழைத்து அதைப் படித்துக் காட்டிவிட்டார். நிறுவனம் எனக்கு அடுத்த வருஷத்துக்கும் வேலை நீட்டித்துக் கடிதம் கொடுத்தது. அதில் என் பெயருக்கு முன்னால் 'சிறந்த பயிற்றுநர்' என்று போட்டிருந்தது. அதை என் அம்மா பீரோவில் எங்கேயோ பத்திரமாக வைத்திருக்கிறாள். கேட்டு வாங்கிக் கிழிக்கக்கூட எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

வைகாசிக் கடைசியில் புதுப் பிள்ளைகளின் பெயரை எழுத நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது சின்னாயி வந்தார். மறுநாள் காலையில் மில் வேன் வருகிறது, சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்ததாகச் சொன்னார். என்னிடம் சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். போட்டுத் தொலையட்டும், நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கட்டும் என்று உண்மையாகவே விரும்பினேன். கீர்த்தனா உங்களிடம் ஒன்றும் சொல்லவில்லையா என்று நானே கேட்டேன்.

அவர் தலையை ஆட்டினார். கேட்டதற்கு, டீச்சரே சொல்லியிருக்காங்கன்னா அப்படித்தான் இருக்கும் என்று மட்டும் சொன்னாளாம்.

சின்னாயி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, அக்கம்பக்கம் பார்த்து, என் பக்கத்தில் வந்தார். ஏதோ வெட்கப்பட்டுக் கேட்கிற மாதிரி கேட்டார்.

“ஏனுங்க டீச்சர், புள்ளைக்குக் கை நடுங்கும்னு பெத்தவளுக்கே இத்தன நாளாத் தெரியாமப் போச்சுங்க. நீங்க பக்கத்துல இருந்து பாத்திருக்கீங்க. அங்க மில்லுல மிசினு ஓடறப்ப கைய உட்டு நூலு எடுக்கோணுமாமுங்க. இந்தக் கையோட அனுப்பலாமுங்களா, ஏதாச்சும் ஆயிருமுங்களா?”

அறையில் வேறு யாரும் இல்லை. முரளி இல்லை, தனபால் இல்லை. அந்தக் கை நடுங்காது, நான் சொன்னது பொய் என்று சொல்ல எனக்கு எந்தத் தடையும் இல்லை. வாயைத் திறந்தேன்.

ஒண்ணும் ஆகாதுங்க, தைரியமா அனுப்புங்க என்றேன். அவர் முகம் தெளிந்தது. நல்லாருக்கோணும் சாமி என்று கும்பிட்டுவிட்டு, எனக்கென்று கொண்டுவந்த மிளகை, ஒரு துணியில் முடிந்தது, மேசை மேல் வைத்தார். நான் வாங்கிக்கொண்டேன்.